ஒரே காற்று, ஆயிரம் வீடுகள்

2023 ஆகஸ்டில் டெல்லியிலும் மும்பையிலும் ஏர்டெல் ஒரு சேவையைத் தொடங்கியது. அடுத்த மாதம் 19-ம் தேதி, சென்னை உள்பட எட்டு நகரங்களில் ஜியோவும் அதே வகைச் சேவையுடன் வந்தது. இரண்டின் பெயரிலும் ‘ஏர்ஃபைபர்’ உண்டு. தெருவில் குழி தோண்ட வேண்டாம். கம்பத்துக்குக் கம்பம் கேபிள் இழுக்க வேண்டாம். மொட்டைமாடியில் ஒரு வெள்ளைப் பெட்டியை டவர் இருக்கும் திசை பார்த்து மாட்டுகிறார்கள். அது 5ஜி அலையை வாங்கி, ஒரு கேபிள் வழியே கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்கு இறக்கிக் கொடுக்கிறது. காலையில் ஆள் வந்தால் மாலைக்குள் வீட்டில் இணையம் ஓடுகிறது.

அதன்பிறகு நம் வீடுகளில் ஒரு கேள்வி தொடர்ந்து எழுகிறது: ஏற்கெனவே இருக்கும் கம்பி இணைப்பை எடுத்துவிட்டு இதற்கு மாறிவிடலாமா? விலைப்பட்டியலை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டு விளம்பரங்களிலும் 100 எம்பிபிஎஸ் என்று ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். அந்த எண் எந்த வழியாக உங்கள் வீட்டுக்கு வருகிறது, வழியில் யார் யாரோடு பங்கு போடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வரலாறும் வேண்டும்.

முதலில் கம்பி. இந்தியாவில் பிராட்பேண்ட் என்ற சொல் பரவலானது 2005-ல், பழைய லேண்ட்லைன் போனின் செம்புக் கம்பி வழியாக. நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்றது 2004-ம் ஆண்டின் அரசுக் கொள்கை. பேச்சுக்காகப் போடப்பட்ட கம்பி அது. மனிதக் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். தரவை வேகமாக அனுப்ப மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அதிர்வெண் வேண்டும். அதிர்வெண் ஏற ஏற செம்பில் சிக்னல் வேகமாகத் தேயும். அதனால் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு 20 எம்பிபிஎஸ் கிடைத்த அதே தொழில்நுட்பத்தில், நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு ஒன்றிரண்டுகூடச் சிரமம். ஒரே கட்டணம், ஒரே மோடம். தூரம் மட்டும் வேறு. மழை பெய்து ஜாயின்டில் தண்ணீர் இறங்கினால் அதுவும் போகும்.

ஒளியிழை இந்தச் சிக்கலை அடியோடு மாற்றியது. 1966-ல் இங்கிலாந்தில் ஹார்லோ என்ற ஊரின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் காவ், கண்ணாடியில் ஒளி தேய்வதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பு இல்லை, அதில் கலந்திருக்கும் மாசுதான் என்று சக ஆய்வாளர் ஜார்ஜ் ஹாக்கமுடன் சேர்ந்து எழுதினார். ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்புக்குள் கொண்டுவந்தால் அதில் தொலைத்தொடர்பு நடத்தலாம் என்பது அவர் கணக்கு. 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். நான்கே ஆண்டில், 1970-ல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. இன்றைய இழையில், அதற்கு மிகவும் ஏற்ற அலைநீளத்தில், இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல். 15 கிலோமீட்டர் ஓடிய பிறகும் பாதி ஒளி மிஞ்சியிருக்கும். காவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் காலத்தில் இதைவிடத் தகுதியான நோபல் அரிது என்பது என் எண்ணம்.

ஆனால் ஒளியிழையின் பெரிய வலிமை குறைந்த இழப்பு மட்டும் இல்லை. ஓர் இழைக்குள் ஓடும் ஒளி பக்கத்து இழைக்குத் தெரியாது. உங்கள் இழையில் நீங்கள் என்ன செய்தாலும் எதிர்வீட்டு இழைக்குச் சலனம் இல்லை. போதவில்லை என்றால் பக்கத்தில் இன்னொரு இழையைப் போடலாம்; அதுவும் போதவில்லை என்றால் இன்னொன்று. வீட்டுக்கு வரும் ஃபைபரிலும் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருமுனைப் பெட்டியில் ஓர் இழையைப் பிரித்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ கொடுக்கிறார்கள். இந்த முறையில் பரவலாக இருக்கும் வகையில், அத்தனை வீடுகளுக்கும் சேர்த்து இறங்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட். ஆனாலும் பங்காளிகளின் எண்ணிக்கை நிலையானது. அவர்கள் எல்லாரும் உங்கள் பகுதிக்காரர்கள். நெருக்கடி கூடினால் பிரிப்பை மாற்றிக்கொள்ள முடியும்.

காற்றில் அது முடியாது. இன்னொரு காற்றை யாரும் போட முடியாது. (காற்று என்று பேச்சுக்குச் சொல்கிறோம். வானொலி அலைக்குக் காற்று தேவையில்லை, வெற்றிடத்திலும் போகும்.) இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் ஓடும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு நிறுவனத்திடம் இருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைக்கற்றை. 2022 ஏலத்தில் கோடிகளைக் கொட்டி வாங்கியது. ஒரு டவர் பொதுவாக மூன்று திசைகளாகப் பிரிந்திருக்கும். உங்கள் திசையில் நிற்கும் எல்லா 5ஜி போன்களும், எல்லா வெள்ளைப் பெட்டிகளும் அந்த 100 மெகாஹெர்ட்ஸைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். போனில் வீடியோ பார்ப்பவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பையில் வைத்துவிடுவார். வீட்டு டிவி அப்படி இல்லை. எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும். 4கே என்றால் 7 ஜிபி. மாலை ஏழிலிருந்து பத்து வரை, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில்.

அந்த 100 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு தரவு போகும்? இதற்கான விடையை 1948-ல் க்ளாட் ஷானன் சொல்லிவிட்டார். அலைக்கற்றை எவ்வளவு அகலம், சிக்னல் இரைச்சலைவிட எத்தனை மடங்கு வலுவாக இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் உச்ச வேகம் தெரியும். இரைச்சலைவிடச் சிக்னல் 100 மடங்கு இருக்கும் வீட்டில், ஒற்றைத் தடத்தில், 100 மெகாஹெர்ட்ஸ் கொடுக்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ 665 எம்பிபிஎஸ். சிக்னலும் இரைச்சலும் சமமாக இருக்கும் வீட்டில் அதே அலைக்கற்றை கொடுப்பது 100 எம்பிபிஎஸ் மட்டும். பல ஆன்டெனாக்களை ஒன்றாக இயக்கி இந்த எண்களைப் பெருக்குகிறார்கள். ஆனால் விகிதம் போகாது. ஒரு படம் பார்க்கத் தேவையான தரவை இறக்க, சிக்னல் நலிந்த வீடு நல்ல சிக்னல் வீட்டைவிட ஆறேழு மடங்கு நேரம் டவரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தெருக்குழாயில் வாய் குறுகிய குடத்தோடு ஒருவர் வந்தால் அவருக்கு மட்டுமா தாமதம்? பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் காத்திருக்கிறது.

மாட்ட வரும் ஆளிடம் “மாடிக்கெல்லாம் போக வேண்டாம் தம்பி, ஹாலிலேயே ஜன்னலோரம் வைத்துவிடுங்கள்” என்று நாம் சொல்லும்போது, நம் வேகம் மட்டும் குறைவதில்லை. அந்தத் திசையில் இருக்கும் அத்தனை வீடுகளின் வேகத்திலும் கை வைக்கிறோம். கம்பியில் இப்படி ஒரு பொறுப்பு நமக்கு இருந்ததே இல்லை.

ஒரே காற்றைப் பலர் எப்படிப் பகிர்வது என்ற கேள்வி ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. 1960-களின் கடைசியில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கணினி ஓவாஹு தீவில் இருந்தது. அதன் கல்லூரிகள் மற்ற தீவுகளிலும் இருந்தன. நடுவே கடல். இருந்த தொலைபேசிக் கம்பிகள் விலை அதிகம், தரம் குறைவு. நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர் கம்பியை விட்டுவிட்டு ரேடியோவைக் கையில் எடுத்தார். 1971 ஜூனில் ‘அலோஹாநெட்’ ஓட ஆரம்பித்தது. வேகம் நொடிக்கு 9,600 பிட்.

அதன் விதி மிகவும் எளிது. அனுப்ப ஏதாவது இருந்தால் உடனே அனுப்பு. யாரிடமும் அனுமதி கேட்காதே. மறுமுனையிலிருந்து ‘கிடைத்தது’ என்று பதில் வந்தால் சரி. வரவில்லை என்றால் வேறொருவர் அனுப்பியது உன்னுடையதோடு மோதிவிட்டது என்று பொருள். தற்செயலான ஓர் இடைவெளி விட்டு மறுபடி அனுப்பு. இரண்டு பேரும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் மோதிக்கொள்வார்கள். காத்திருக்கும் நேரத்தைத் தற்செயலுக்கு விட்டதுதான் ஆப்ராம்சனின் நுட்பம்.

இதற்கு விலை உண்டு. கணக்குப் போட்டால், இப்படித் தன்னிச்சையாக அனுப்பும் முறையில் அந்த அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். அதற்கு மேல் ஆட்கள் சேரச் சேர மோதல்கள் பெருகும். எல்லாருக்கும் சேர்த்துக் கிடைப்பது கூடாது, குறையும். 1972-ல் லாரி ராபர்ட்ஸ் ஒரு சின்னத் திருத்தம் சொன்னார்: நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டு, துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பு. பயன்பாடு இரண்டு மடங்காக, 36.8 சதவீதமாக உயர்ந்தது.

இன்னொரு சுவையான செய்தி. பாப் மெட்கால்ஃப் என்ற இளைஞர் ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்து, அந்த முறையை மேம்படுத்தி, 1973-ல் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அதைக் கேபிளுக்குள் கொண்டுபோனார். அதுதான் ஈதர்நெட். இன்று ரவுட்டரின் முதுகில் நாம் செருகும் லேன் கேபிளின் பூர்வீகம் ஹவாயின் ரேடியோ. காற்றில் பிறந்த யோசனை கம்பிக்குப் போனது. 1990-களில் அதே யோசனை வைஃபை என்ற பெயரில் காற்றுக்குத் திரும்பியது. அனுப்பும் முன் வேறு யாராவது அனுப்புகிறார்களா என்று கவனி, அமைதியாக இருந்தால் அனுப்பு, மோதினால் தற்செயலான நேரம் காத்திரு என்பதே இன்றும் உங்கள் வீட்டு வைஃபையின் அடிப்படை ஒழுங்கு.

5ஜி டவர் இப்படி நடப்பதில்லை. அங்கே தற்செயலுக்குப் பெரிதாக இடமில்லை. டவர் ஒரு நொடியை 2,000 துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டில் எந்த அலைவரிசைப் பகுதியை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று தானே முடிவு செய்து அறிவிக்கிறது. அதனால்தான் நெருக்கடி நேரத்திலும் அது நொறுங்கிப்போவதில்லை. எல்லாருக்கும் பங்கு மட்டும் சிறுக்கிறது.

இந்த இரண்டு ஒழுங்குகளுக்கும் இடையிலான வித்தியாசம் நம் மண்ணிலேயே சோதிக்கப்பட்டது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரக் கிராமங்களில் சிறு பார்வை மையங்களைத் தொடங்கியபோது, அங்கிருந்து நோயாளி வீடியோவில் தேனியில் இருக்கும் மருத்துவரோடு பேச வேண்டும். கிராமத்துக்கு நம்பகமான கம்பி இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ப்ரூவரின் குழு, கடையில் கிடைக்கும் வைஃபை ரேடியோக்களை உயர்ந்த கம்பங்களில் ஏற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைத்தது. வீட்டுக்குள் ஓடும் வைஃபை விதி அங்கே செல்லவில்லை. ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3.3 மைக்ரோநொடி ஆகும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி. ‘கிடைத்தது’ என்ற பதில் அவ்வளவு தாமதமாக வரும் என்று வைஃபை எதிர்பார்ப்பதில்லை; தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். குழு அந்த விதியைக் கழற்றிவிட்டு, இந்த முனைக்கு இவ்வளவு நேரம், அந்த முனைக்கு இவ்வளவு நேரம் என்று முறை வகுத்தது. இணைப்பு நிலைத்தது. கண் நோயாளிகள் பேருந்து ஏறாமலே மருத்துவரைப் பார்த்தார்கள்.

அந்த அனுபவத்தைப் பற்றி 2008-ல் அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு முடிவு எனக்கு எப்போதும் நினைவிருக்கும். கருவிகள் பழுதானதற்குப் பெரிய காரணம் ரேடியோ இல்லை, மின்சாரம். மின்னழுத்தம் திடீரென்று ஏறியும் இறங்கியும் கருவிகளைக் கெடுத்திருந்தது. இந்த மின்சார விஷயத்துக்குக் கடைசியில் வருவோம்.

தேனிக்கும் முன்னால் சென்னையிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு 1990-களில் மிடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘கோர்டெக்ட்’ என்ற முறையை உருவாக்கியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை செம்புக் கம்பி புதைக்கும் செலவுதான் ஏழை நாட்டில் தொலைபேசி பரவத் தடை என்று அவர்கள் கண்டார்கள். அந்தக் கடைசித் தூரத்தை ரேடியோவால் கடந்தார்கள். நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் எட்டும். போன் பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் இணையம், போனை வைத்துவிட்டால் 70 கிலோபிட். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இதை வைத்து இணைய மையங்கள் ஓடின. வீட்டுக்குக் கம்பியில்லா இணைப்பு என்பது 2023-ல் தொடங்கிய விஷயம் இல்லை. எங்கெல்லாம் கம்பி போகவில்லையோ அங்கெல்லாம் ரேடியோ முன்னால் போயிருக்கிறது. ஹவாய், மேலூர், தேனி மூன்றிலும் காரணம் ஒன்றுதான். இப்போது புதிதாக நடப்பது என்னவென்றால், கம்பி ஏற்கெனவே போய்ச் சேர்ந்த வீடும் அதை விட்டுவிட்டு ரேடியோவுக்கு மாற யோசிக்கிறது.

அப்படி மாறினால் எது கூடும், எது குறையும்?

இறங்கும் வேகம் நல்ல சிக்னல் உள்ள மாடியில் ஃபைபருக்கு இணையாகவே தெரியும். வீடு நகர்வதில்லை என்பது டவருக்குப் பெரிய வசதி. இன்றைய 5ஜி ஆன்டெனாவில் பல டஜன் சிறு ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் அனுப்பும் அலையின் நேரத்தை நூலிழை அளவு முன்பின் மாற்றி, மொத்த அலையையும் ஒரு குறிப்பிட்ட திசையில் குவிக்க முடியும். ஓடும் பஸ்ஸில் இருக்கும் போனைத் துரத்திக் குவிப்பது கடினம். மொட்டைமாடியில் அசையாமல் இருக்கும் பெட்டிக்குக் குவிப்பது எளிது.

ஏறும் வேகத்தில் உதை விழும். காரணம் இரண்டு. 3.5 ஜிகாஹெர்ட்ஸில் போகவும் வரவும் ஒரே அலைவரிசைதான். நேரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். மக்கள் அனுப்புவதைவிட இறக்குவதே அதிகம் என்பதால் நேரத்தின் பெரும்பங்கு இறக்கத்துக்குப் போகிறது. இரண்டாவது, டவர் நூறு இருநூறு வாட் வரை முழங்க முடியும். சாதாரண போனின் பேச்சு 0.2 வாட், வீட்டுப் பெட்டியின் பேச்சு அதைவிடச் சற்றே கூடுதல். எனவே வகுப்பெடுக்கும் ஆசிரியர், வீடியோ ஏற்றும் யூடியூபர், வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவியைப் பார்க்கிறவர் ஆகியோர் விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் எண்ணை விட்டுவிட்டு ஏறும் வேகத்தைத்தான் கேட்க வேண்டும். சிசிடிவிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மொபைல் வலையில் பல வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்கின்றன. வெளியிலிருந்து நேரே உங்கள் கேமராவைத் தட்ட வழியிருக்காது. சில ஃபைபர் இணைப்புகளிலும் இப்படித்தான். அங்கே தனி முகவரி கேட்டு வாங்குவது கொஞ்சம் எளிது.

தாமதத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. ஃபைபரில் ஒளி ஓடுவதால் அது சீக்கிரம் வரும், ரேடியோ மெதுவாக வரும் என்று. உண்மை நேர்மாறு. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும்; காற்றில் ரேடியோ அலை ஏறத்தாழ 3 லட்சம். ஆனால் டவரிலிருந்து வீட்டுக்கு உள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இந்த வித்தியாசம் சில மைக்ரோநொடி மட்டும். தன் முறைக்குக் காத்திருப்பது, டவரிடம் அனுமதி கேட்பது, மோசமாக வந்த துண்டை மறுபடி வாங்குவது எல்லாம் மில்லிநொடிக் கணக்கு. அதோடு அந்தத் தாமதம் ஒரே சீராக இருக்காது; நெருக்கடியைப் பொறுத்து ஏறி இறங்கும். படம் பார்ப்பவருக்கு இது தெரியாது. ஆன்லைன் விளையாட்டில் இருக்கும் பையனுக்கு உடனே தெரியும்.

மழை? 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 சென்டிமீட்டர். மழைத்துளி அதற்குப் பொருட்டே இல்லை. கொட்டும் மழையிலும் கிலோமீட்டருக்கு இழப்பு ஒரு டெசிபலின் மிகச் சிறு பகுதிதான். 5ஜிக்கான இன்னொரு அலைவரிசையான 26 ஜிகாஹெர்ட்ஸில் நிலைமை வேறு. அங்கே அலைநீளம் 11.5 மில்லிமீட்டர், துளியின் அளவுக்கு நெருங்கிவிடுகிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் கிலோமீட்டருக்கு 7, 8 டெசிபல் போய்விடும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு சிக்னல்தான் மிஞ்சும். மழையைவிட மரத்துக்கு அதிகம் பயப்பட வேண்டும். நனைந்த இலைக்கூட்டம் அலையை விழுங்கும். இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் வேப்பமரத்தைத் தாண்டி வந்த சிக்னல், அது தழைத்த பிறகு வராமல் போகலாம். மாடியில் பெட்டிக்கு எதிரே பிற்பாடு யாராவது தண்ணீர்த் தொட்டி வைத்தாலும், எதிர்வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினாலும் இதே கதைதான். ஃபைபர் போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ரேடியோ இணைப்பு, ஊர் வளர வளர மாறும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் ஃபைபர் பெரும்பாலும் மண்ணுக்கடியில் வருவதில்லை. கம்பத்திலும் மரத்திலும் தொங்கியபடி வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தபோது அவற்றோடு கேபிள்களும் அறுந்தன. உயரமான லாரி, ரோடு போடும் இயந்திரம், அணில், எலி என்று எதிரிகள் ஏராளம். காசியில் கங்கைக்கரையில் போட்ட ஃபைபரைக் குரங்குகள் கடித்துத் தின்றது 2015-ல் செய்தியாகவே வந்தது. வீட்டுக்கு வரும் கடைசி நூறு மீட்டர் அடிக்கடி அறுந்து, ஒட்டவைக்க ஆள் வர நாலைந்து நாள் ஆகும் தெருவில் குடியிருப்பவருக்குக் காற்றுவழி இணைப்பு உண்மையான விடுதலை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த டவருக்கு இணையம் எப்படி வருகிறது? பெரும்பாலும் ஃபைபரில்தான். கம்பியை நாம் ஒழிக்கவில்லை. நம் வாசலிலிருந்து டவரின் அடிவரை தள்ளிவைத்திருக்கிறோம்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். இணைப்பை மாற்ற நினைப்பவர்களில் பலருக்கு உண்மையான நோய் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. ரவுட்டரிலிருந்து படுக்கையறை வரை இருக்கும் வைஃபையும் ஒரே காற்றுதான். அதை உங்கள் வீட்டுக் கருவிகள் மட்டும் இல்லை, அடுக்ககத்தின் மற்ற வீடுகளும் பகிர்கின்றன. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் மூன்றுதான். ஒரு தளத்தில் எட்டு வீடு என்றால் எட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றில்தான் முறை பார்த்துப் பேச வேண்டும். 5 ஜிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம். ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். நம் வீடுகளில் வைஃபைக்கு மிகப் பெரிய தடை இரும்பு பீரோ. அதன் பின்னால் ரவுட்டர் இருந்தால் எந்த நிறுவனத்தின் எந்தத் திட்டமும் உங்களைக் காப்பாற்றாது.

சுவரில் பட்டுத் தெறித்து ஒரே சிக்னல் பல வழிகளில் முன்பின்னாக வந்து சேர்வது வீட்டுக்குள் ரேடியோவின் பெரிய தலைவலி. இதைத் தீர்த்ததில் முக்கியப் பங்கு ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் ஜான் ஓ’சல்லிவன் தலைமையில் இயங்கிய குழுவுக்கு உண்டு. வெடிக்கும் கருந்துளைகளிலிருந்து ரேடியோ அலை வருகிறதா என்று 1970-களில் தேடியவர் அவர். கருந்துளை கிடைக்கவில்லை. கலங்கிய சிக்னலைத் தெளியவைக்கும் கணிதம் கைவசம் இருந்தது. ஒரு வேகமான ஓடையாக அனுப்பாமல் பல மெதுவான ஓடைகளாகப் பிரித்து அனுப்பினால் எதிரொலி கெடுக்காது என்ற அந்த வழிதான் இன்று வைஃபையிலும் 5ஜியிலும் ஓடுகிறது.

எனவே மாறுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் காரியம், ஒரு லேன் கேபிளை எடுத்து மடிக்கணினியை நேரடியாக ரவுட்டரில் செருகி வேகத்தைப் பார்ப்பது. இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எல்லா இணைப்பும் நன்றாகத்தான் இருக்கும். கேபிளில் சொன்ன வேகம் வருகிறது, படுக்கையறையில் மட்டும் வரவில்லை என்றால் இணைப்பை மாற்றிப் பயனில்லை. ரவுட்டரை இடம் மாற்றுங்கள்; இல்லையென்றால் அறைக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ரவுட்டர் வையுங்கள்.

கேபிளிலும் வேகம் வரவில்லை, புகார் கொடுத்தும் தீரவில்லை, அல்லது ஃபைபரே உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் காற்றுவழிக்குப் போகலாம். அப்போதும் பழைய இணைப்பை ஒரு மாதம் சேர்த்தே வைத்திருங்கள். மாட்ட வருபவரிடம் பெட்டி டவரிலிருந்து நேரடியாக 5ஜி வாங்குகிறதா, அல்லது பக்கத்துக் கட்டடம் வரை ஃபைபரில் வந்து அங்கிருந்து உரிமம் தேவைப்படாத 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் வருகிறதா என்று கேளுங்கள். இரண்டும் நடைமுறையில் இருக்கின்றன, இரண்டின் நெருக்கடியும் வேறு. சிக்னல் எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 90 டிபிஎம் என்றால் பெட்டிக்குக் கிடைப்பது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய சக்தியிலிருந்து ஒரு திரைப்படத்தைப் பிரித்தெடுக்கிறது அந்தக் கருவி என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. ஒவ்வொரு 3 டெசிபலும் சக்தியில் இரண்டு மடங்கு. பெட்டியை மாடியில் நாலு அடி நகர்த்துவதிலேயே அது கிடைக்கலாம். அதை அலுக்காமல் செய்ய வையுங்கள்.

தேனியில் கற்ற பாடமும் இங்கே வேண்டும். பழைய லேண்ட்லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. வீட்டில் கரன்ட் போனாலும் போன் அடித்தது. இன்று ஃபைபர் பெட்டிக்கும் வெள்ளைப் பெட்டிக்கும் வீட்டு மின்சாரம்தான். இரண்டுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் அவசியம். மாடியில் இருக்கும் பெட்டிக்கு மின்சாரமும் அதே லேன் கேபிளில்தான் ஏறுகிறது. வெயிலும் மழையும் தாங்கும் கேபிளா என்று பாருங்கள். வீட்டின் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். நன்றாக ஓடும் ஃபைபர் வீட்டில் இருந்தால் அதை விடாதீர்கள். கம்பி வராத, வந்தும் நிற்காத இடத்தில் காற்றுவழி இணைப்பு மிக நல்ல வழி, தயங்காமல் எடுங்கள். எதை எடுத்தாலும் வீட்டில் நகராத பொருளுக்கு, டிவிக்கும் மேசைக் கணினிக்கும், கேபிளே கொடுங்கள். நகரும் போனுக்குக் காற்றை விட்டுவையுங்கள். இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சுவர் பூசுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மொட்டைமாடியிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து ஒவ்வொரு அறைக்கும், கரன்ட் வயர் போகாத ஒரு காலி பைப் தனியாகப் போட்டுவையுங்கள். நாளை இணையம் தெருவிலிருந்து வந்தாலும் மாடியிலிருந்து வந்தாலும் அந்த பைப் உதவும்.